சுமைதாங்கியும் மாரத்தானும்

நுழையும்முன்

அன்புக்குரியவரை இழந்தவர்கள் அந்நினைவைப் போற்றும் முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. முன்னோர் கல் நட்டனர், குளம் வெட்டினர், தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். இன்று சிலர் நெடுந்தொலைவு ஓடி, அதன்வழி நிதி திரட்டிப் பிறர் துயர் துடைக்கின்றனர். இவ்விரு முறைகளுக்கும் இடையே உள்ள உறவையும், நினைவோட்டம் பயனுள்ள அறமாக நிலைபெற வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

வழியோரக் கல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயிலாக அமைந்துள்ள ஊர் செங்கோட்டை. தென்பாண்டிச் சமவெளியைக் கொல்லம் கடற்கரையோடு இணைக்கும் பழைய வழி இவ்வூரைத் தொட்டே செல்கிறது. 1904ஆம் ஆண்டு இக்கணவாய் வழியாகத் தொடர்வண்டி ஓடத் தொடங்கும் வரை, பொதிமாடுகளும் மாட்டுவண்டிகளும் மனிதர்தம் தலைகளுமே சரக்குகளைச் சுமந்தன. திருவிதாங்கூர் அரசின் ஆட்சிப் பகுதியாக விளங்கிய செங்கோட்டை, 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று.

இத்தகைய நெடுவழிகளில் நடந்தவர்களுக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. தலைச்சுமையோடு தனியே செல்பவர், களைப்பினால் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், அதனை மீண்டும் தூக்கித் தலையில் வைக்க இன்னொருவர் கை வேண்டும். ஆளரவமற்ற வழியில் அந்தக் கைக்கு எங்கே போவது? இதற்கு விடையாக எழுந்ததே சுமைதாங்கிக் கல். செங்குத்தாக நடப்பட்ட இரண்டு கற்கள். அவற்றின் மேல் கிடையாக ஒரு கல். உயரம் ஏறத்தாழ ஓர் ஆளின் தோளளவு. வழிப்போக்கர் குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். இளைப்பாறிய பின் எவர் துணையுமின்றித் தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். கேரளத்தில் இதனைச் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் அழைப்பர். மலைக்கு இருபுறமும் வாழ்ந்த மக்களுக்குப் பொதுவான அறம் இது.

சுமைதாங்கிகள் பலவற்றின் பின்னே ஓர் இழப்பு இருக்கிறது. கருவுற்ற நிலையிலோ மகப்பேற்றின்போதோ இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவருடைய குடும்பத்தார் வழியோரத்தில் சுமைதாங்கி நடுவது தமிழகத்தின் பல பகுதிகளில் நிலவிய வழக்கமாகும். வயிற்றில் தாங்கிய சுமையை இறக்கி வைக்க இயலாமல் மறைந்தவரின் பெயரால், ஊர்பேர் அறியாத வழிப்போக்கர்கள் தம் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் அமைத்தனர். மறைந்தவர் எத்தகைய துன்பத்தால் மறைந்தாரோ, அத்துன்பத்தை ஒத்த துன்பம் பிறர்க்கு நீங்க வேண்டும் என்னும் எண்ணமே அக்கல்லில் உறைந்துள்ளது.

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த மரபையும் நாம் அறிவோம். தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையைப் படிநிலைகளாக வகுத்துக் கூறுகிறது. நடுகல் மறைந்தவரின் பெருமையைக் காட்டுகிறது. சுமைதாங்கியோ மறைந்தவரின் பெயரால் உயிரோடிருப்பவருக்கு உதவுகிறது. ‘நினைவு’ என்பது வணக்கத்திலிருந்து பயன்பாட்டுக்கு நகரும் இடம் இது. இன்று உலகெங்கும் நடைபெறும் நினைவு மாரத்தான்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மாரத்தான் – சொல்லும் தொலைவும்

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டிலுள்ள ஒரு சமவெளியின் பெயர். கி.மு. 490இல் அங்கு நடைபெற்ற போரில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். வெற்றிச் செய்தியைச் சுமந்து ஒரு தூதன் ஏதென்ஸ் வரை இடைவிடாது ஓடினான் என்றும், செய்தியைக் கூறியவுடன் உயிர்துறந்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. போர் நடந்த நூற்றாண்டிலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இக்கதையைக் கூறவில்லை. போருக்குமுன் உதவி வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஃபெய்டிப்பிடிஸ் என்பவரையே அவர் குறிப்பிடுகிறார். உயிர்நீத்த தூதனின் கதை, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதியவர்களிடமே காணப்படுகிறது. எனவே, அதனை வரலாறு என்று கொள்வதைவிட, நினைவைப் போற்ற எழுந்த கதை என்று கொள்வதே பொருந்தும்.

அந்த நினைவைப் போற்றும் வகையில், 1896இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர் அதில் வென்றார். ஆக, மாரத்தான் ஓட்டம் தோன்றியதே ஒருவரை நினைவுகூர்வதற்காகத்தான். பிறரை நினைத்து ஓடுவோர் அவ்வோட்டத்தைத் தேர்ந்துகொண்டது வியப்பன்று.

தெரிந்து தெளிவோம்

1896இல் மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கின் அரச மேடைக்கு முன்னே ஓட்டம் முடியுமாறு வழி வகுக்கப்பட்டது. அதனால் தொலைவு 42.195 கிலோமீட்டராயிற்று. 1921இல் இதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. ஒலிம்பிக்கில் மகளிர்க்கான மாரத்தான் 1984இல்தான் இடம்பெற்றது.

துயரிலிருந்து எழுந்த முதியவர்

பஞ்சாப் மாநிலம் ஜலந்தரை அடுத்த பியாஸ் பிண்ட் என்னும் சிற்றூரில் 1911 ஏப்ரல் 1ஆம் நாள் பிறந்தவர் என்று தம்மைக் கூறிக்கொண்டவர் பௌஜா சிங் என்னும் உழவர். குழந்தைப் பருவத்தில் கால்கள் வலுவற்றிருந்தமையால், ஐந்து வயது வரை அவரால் நடக்க இயலவில்லை. முதுமையில் அவருக்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. மனைவி மறைந்தார். 1994இல் மகன் குல்தீப் விபத்தொன்றில் தந்தையின் கண்முன்னேயே உயிரிழந்தார். ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்த பௌஜா சிங், இங்கிலாந்தில் வாழ்ந்த மற்றொரு மகனிடம் சென்று தங்கினார். மொழி தெரியாத நாட்டில், துயரத்தை மறக்க வழியறியாதிருந்த அவர், நடக்கவும் மெல்ல ஓடவும் தொடங்கினார்.

2000ஆம் ஆண்டு, தம் 89ஆம் வயதில், இலண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடினார். 42 கிலோமீட்டரையும் கடக்க அவருக்கு 6 மணி 54 நிமிடங்கள் ஆயின. அவர் ஓடியது, குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ‘பிளிஸ்’ என்னும் அறநிறுவனத்திற்காக. வாழ்வின் முடிவை நெருங்கிய ஒருவர், வாழ்வின் தொடக்கத்திலேயே தள்ளாடும் உயிர்களுக்காக ஓடினார். தம் பிள்ளையைக் காக்க இயலாமற்போன தந்தை, யாரோ பெற்ற பிள்ளைகளைக் காக்கும் பணியில் தம் கால்களை ஈடுபடுத்தினார்.

2011 அக்டோபரில் டொராண்டோ நகரில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடங்களில் மாரத்தானை நிறைவுசெய்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நிறுவனம் அவருடைய சாதனையைப் பதிவுசெய்யவில்லை. அதனால் அவர் ஓட்டத்தின் பயன் சிறிதும் குறையவில்லை. 2013இல் ஹாங்காங்கில் ஓடிய பின் போட்டிகளிலிருந்து விலகினார். நடைப்பயிற்சியை மட்டும் கைவிடவில்லை. 2025 ஜூலை 14ஆம் நாள், தம் சொந்த ஊர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது ஊர்தி மோதி உயிர்நீத்தார்.

முடியாத ஓட்டம்

பௌஜா சிங் இழப்பிற்குப் பின் ஓடியவர். தாம் ஓடிய ஓட்டத்தாலேயே பிறரால் நினைக்கப்படுபவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977இல், 18 வயதில், அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டது. மருத்துவமனையில் தம்மோடு சிகிச்சை பெற்ற குழந்தைகளின் துன்பம் அவரை உலுக்கியது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஓடுவதென உறுதி பூண்டார்.

1980 ஏப்ரல் 12ஆம் நாள் தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடல்நீரில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தொலைவு ஓடினார். முதலில் அவரைக் கவனித்தவர் சிலரே. நாள் செல்லச் செல்லச் சாலையோரங்களில் மக்கள் திரண்டனர். 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ஆம் நாள் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. கனடாவின் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் பெற வேண்டுமென்பது அவர் கனவு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், நாட்டின் மக்கள்தொகைக்கு ஈடாக, 2 கோடியே 41 இலட்சம் டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது. 1981 ஜூன் 28ஆம் நாள், 22 வயதில், டெர்ரி ஃபாக்ஸ் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தனர். 1981 செப்டம்பரில் முதல் டெர்ரி ஃபாக்ஸ் நினைவோட்டம் நடைபெற்றது. அதன்பின் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் இவ்வோட்டம் நடத்தப்பட்டுள்ளது. இதில் முதலிடம், இரண்டாமிடம் என்னும் பரிசுகள் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். இவ்வாறு திரண்ட நிதி இதுவரை 80 கோடி டாலரைக் கடந்துள்ளது.

தங்கையின் நினைவாக ஒரு மருத்துவமனை

இழப்பைப் பொதுநலமாக மாற்றியவர்களுள் தமிழகம் மறக்கக் கூடாதவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவரைக் காக்க இயலாத அத்துயரம், தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் உறுதியாக அவருள் வேர்விட்டது.

அவ்வுறுதி நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இடையில் சட்டமன்றப் பணி, பெண்கள் விடுதலைப் பணி, ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லம் எனப் பல கடமைகள். எனினும், தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கு பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அதனையே தம் வாழ்வாகக் கொண்டார்.

முத்துலட்சுமி ரெட்டி மாரத்தான் ஓடியவரல்லர். ஆயினும், ஒரு மரணத்திலிருந்து புறப்பட்டு முப்பத்தோராண்டுகள் இடைவிடாது ஒரே இலக்கை நோக்கிச் சென்ற அவருடைய பயணம், நெடுந்தொலைவு ஓட்டத்தின் இயல்பை நமக்கு உணர்த்துகிறது. பொறுமையாகவும் நெடுநாளாகவும் செய்ய வேண்டியதை விரைந்து முடிக்க முயல்பவர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்.

ஏன் ஓட வேண்டும்?

இங்கே ஒரு வினா எழுகிறது. நிதி அளிப்பதே நோக்கமெனில், அதனை நேரே அளித்துவிடலாமே? எதற்காக வியர்வை சிந்தி ஓட வேண்டும்? இவ்வினா பொருளற்றதன்று. இதற்கு நேர்மையாக விடை காண வேண்டும்.

முதலாவது, ஓட்டம் ஓர் உறுதிமொழி. “நான் இவ்வளவு தொலைவு ஓடுகிறேன், நீங்கள் உங்களால் இயன்றதைத் தாருங்கள்” என்று ஒருவர் கேட்கும்போது, முதலில் தம் உழைப்பை முன்வைத்துவிட்டே பிறரிடம் கை நீட்டுகிறார். பயிற்சிக்காக அவர் எழுந்த விடியற்காலைகள் அவ்வேண்டுகோளுக்குப் பிணையாகின்றன.

இரண்டாவது, கொடை பலருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பெருஞ்செல்வர் ஒருவர் ஓர் இலட்சம் ரூபாய் அளிப்பதும், ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் அளிப்பதும் தொகையால் ஒன்றே, பயனால் ஒன்றல்ல. பின்னதில், ஆயிரம் குடும்பங்கள் அந்த நோயைப் பற்றியோ தேவையைப் பற்றியோ கேட்டறிகின்றன. நோயை முன்கூட்டியே கண்டறிதல் பற்றியும் குருதிக்கொடை பற்றியும் அவ்வீடுகளில் பேச்சு எழுகிறது.

மூன்றாவது காரணம் ஆழமானது. நம் ஊர்களில் ஒருவர் இறந்தால் உற்றார் உறவினர் திரண்டு வந்து துக்கம் கேட்கின்றனர். பதினாறாம் நாள் கருமாதி முடிகிறது. அதன்பின், இழந்தவர் மனம் வருந்துமே என்று அஞ்சி, மறைந்தவரின் பெயரைச் சொல்லவே பலர் தயங்குகின்றனர். துயரமோ பதினாறு நாளில் முடிவதில்லை. நினைவோட்டத்திற்காகப் பயிற்சி செய்பவர் ஐந்தாறு மாதங்கள் ஒவ்வொருவரிடமும் சென்று, “என் அம்மாவின் நினைவாக ஓடுகிறேன்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவரும், “உன் அம்மா எனக்கு இன்ன உதவி செய்தார்” என்று தம் நினைவைப் பகிர்கிறார். பேசத் தயங்கிய பெயர் மீண்டும் பேச்சில் உலவுகிறது.

அதே வேளையில் ஒன்றை மறக்கலாகாது. ஓட்டம் துயரத்திற்கு மருந்தாகிவிடாது. உறக்கமும் உணவும் கெடுமளவுக்கு ஒருவர் துயரில் அமிழ்ந்திருப்பாராயின், அவருக்குப் பெரியோர் அரவணைப்பும் மருத்துவர் துணையும் தேவை. “ஓடினால் சரியாகிவிடும்” என்று கூறி அவரைத் தனித்து விடுவது அன்பாகாது.

உடல் கற்பிக்கும் பாடம்

நினைவின் உந்துதல் எவ்வளவு வலியதாயினும், உடல் தன் விதிகளை மாற்றிக்கொள்வதில்லை. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. மாரத்தான் முழுமைக்கும் ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி வேண்டும். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் வடிவில் சேமிக்கப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 2,000 கிலோ கலோரியே. ஆகவேதான், 30 கிலோமீட்டரைக் கடந்த நிலையில் பலருக்குக் கால்கள் கனத்து, மனம் சோர்கிறது. ஓட்டக்காரர்கள் இந்நிலையைச் ‘சுவர்’ என்று குறிப்பிடுவர். முறையான பயிற்சி, உடல் கொழுப்பை மிகுதியாக எரித்து ஆற்றல் பெறப் பழக்குகிறது. தொடக்கத்தில் வேகத்தை அடக்கி ஓடுவதும் வழியில் சிறிது சிறிதாக மாவுச்சத்து உட்கொள்வதும் அச்சுவரைக் கடக்க உதவுகின்றன.

முழு மாரத்தானுக்கு ஆயத்தமாக, முன்பே ஓரளவு ஓடிப் பழகியவருக்கும் 16 முதல் 20 வாரப் பயிற்சி வேண்டும். வாரத் தொலைவைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை நெடுந்தொலைவு ஓடுதல், இடையிடையே ஓய்வு, இறுதி இரண்டு மூன்று வாரங்களில் தொலைவைக் குறைத்தல் ஆகியவை பயிற்சியின் அடிப்படைகள். எலும்பும் தசைநாரும் வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். தண்ணீரைப் பொறுத்தும் அளவறிதல் தேவை. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் சோடியத்தின் அளவு குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். தாகத்திற்கேற்ப நீரும், நெடுநேர ஓட்டத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் பருகுவது நன்று.

பெரும்பாலான மாரத்தான்களில் 18 வயது நிறைந்தவர்களே முழுத் தொலைவு ஓட ஏற்கப்படுகின்றனர். வளர்பருவ உடலைக் காக்கும் பொருட்டு அமைந்த வரம்பு அது. பள்ளி மாணவர்க்கு 3 அல்லது 5 கிலோமீட்டர் ஓட்டமே போதுமானது. நினைவின் அளவு தொலைவின் அளவால் அறியப்படுவதில்லை.

நம் ஊரில் ஒரு நினைவோட்டம்

இத்தகைய ஓட்டத்தைப் பெருநகரங்களில்தான் நடத்த முடியும் என்பதில்லை. செங்கோட்டை வட்டாரத்துப் பள்ளியொன்று, மறைந்த ஆசிரியர் ஒருவரின் நினைவாக 3 கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவதாகக் கொள்வோம். 200 மாணவர்கள் ஓடுகின்றனர். ஒவ்வொருவரும் 10 பேரிடம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் உறுதி பெறுகின்றனர். ஒரு மாணவர் வழியாக 60 ரூபாய். 200 மாணவர்கள் வழியாக 12,000 ரூபாய் சேரும். அத்தொகை, ஊர்ப்புற நூலகத்திற்கு நூல்களாகலாம்; அரசு மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியாகலாம்.

இனி, கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அனைவருக்கும் பெயர் பொறித்த பனியன் வழங்குவதென முடிவு செய்து, ஒன்றுக்கு 150 ரூபாய் செலவிட்டால் 30,000 ரூபாய் ஆகிவிடும். திரட்டிய நிதியைவிட இரண்டரை மடங்கு செலவு! பதாகை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர்க்கான ஏற்பாடு ஆகியவை இன்னும் சேரும். அறத்திற்கென்று கேட்டு வாங்கிய பணம் ஆரவாரத்திற்கு ஆகிவிட்டால், கொடுத்தவர் மட்டுமின்றி, எவர் பெயரால் கேட்டோமோ அவரும் இழிவுபடுத்தப்படுகிறார். எனவே, செலவுகளுக்குத் தனியே பொறுப்பாளர் தேடிக்கொண்டு, திரட்டிய நிதி முழுவதும் நோக்கத்திற்கே சென்றடையுமாறு திட்டமிடுவது முதற்கடமை.

பிற கடமைகளும் உள்ளன. மறைந்தவரின் குடும்பத்தார் இசைவைப் பெறல் வேண்டும். காவல்துறையின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். நிதியை, பதிவுபெற்ற அறநிறுவனத்தின் வழியாகவோ பள்ளி நிருவாகத்தின் வழியாகவோ உரிய பற்றுச்சீட்டுடன் பெறுதல் வேண்டும். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். இரண்டு ரூபாய் கொடுத்தவரும் அதனைப் படித்தறியும் உரிமை உடையவரே.

வழியையும் பருவத்தையும் கருத வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவருகிறது. வெப்பம் தணிந்த அந்நாள்கள் ஓடுவதற்கு இதமானவை. ஆனால், சாலைகள் வழுக்கும். குற்றாலத்திற்கு வருவோரின் ஊர்திகள் மிகும். ஆகவே, நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வயல்களுக்கிடையே செல்லும் ஊர்ச்சாலைகளில், விடியற்காலையில் ஓடுவது பாதுகாப்பானது. முதலுதவிக் குழுவும் ஊர்தியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். நெகிழிக் குவளைகளுக்கு மாறாக, வீடுதோறும் இரவல் பெற்ற சொம்புகளிலும் குவளைகளிலும் தண்ணீர் வழங்கலாம். அவ்வாறு செய்யின், பழைய தண்ணீர்ப் பந்தலே மீண்டும் வழியோரத்தில் எழுந்துவிடும்.

கடைசியாக வருபவர்

நினைவோட்டத்தில் முதலில் வருபவரைவிடக் கடைசியில் வருபவரைக் கவனிக்க வேண்டும். மூச்சுவாங்கி நடந்துவரும் மாணவரோ, ஊன்றுகோலுடன் வரும் முதியவரோ, மனைவியை இழந்து முதன்முறையாகத் தெருவில் இறங்கிய ஒருவரோ அவராக இருக்கக்கூடும். அவர் வந்து சேரும் வரை மற்றவர்கள் காத்திருந்து வரவேற்பதே இவ்வோட்டத்தைப் பிற பந்தயங்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

ஓட்டம் முடிந்த மறுவாரம், திரட்டிய நிதியில் வாங்கிய சக்கர நாற்காலி மருத்துவமனையைச் சென்றடைகிறது. அதில் அமர்த்தி அழைத்துச் செல்லப்படும் நோயாளிக்கு அது யாருடைய நினைவாக வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுமைதாங்கியில் சுமையை இறக்கி வைத்த வழிப்போக்கருள் எத்தனை பேர் அக்கல்லில் பொறித்த பெயரைப் படித்திருப்பர்? படியாதவர்க்கும் அக்கல் அதே உயரத்தில்தான் நின்றது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள ஊரிலோ மறைந்தவர் நினைவாக அமைக்கப்பட்ட சுமைதாங்கி, குளம், மண்டபம், நூலகம், கல்வி அறக்கட்டளை ஆகியவற்றுள் ஒன்றனைப் பற்றி முதியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. “அறச்செயலுக்கு ஆரவாரம் தேவை – தேவையில்லை” என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளியில் 3 கிலோமீட்டர் நினைவோட்டம் நடத்துவதற்கான திட்டத்தை, எதிர்பார்க்கும் வரவு, செலவு, பாதுகாப்பு ஏற்பாடு, நிதி சென்றடையும் நோக்கம் ஆகியவற்றோடு குழுவாக ஆயத்தம் செய்க.

4. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பௌஜா சிங் ஆகிய இருவரும் தம் இழப்பை எதிர்கொண்ட முறைகளை ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.